பச்சக்குழந்தைக்கு எல்பி (முதுகுல ஊசி விட்டு தண்டுவடத்தைச் சுத்தி இருக்குற தண்ணியை எடுக்குறது) பண்றதுக்கு முன்னாடி முதுகுல ஸ்கேன் வச்சுப் பாக்குறீங்களா யாராவது?

நைட்டியூட்டி_பிஜி | செவ்வாய், காலை 9.20

டியூட்டி முடிஞ்சு ரூமுக்கு வந்தும் தூக்கம் வரல, அதான் டைப் பண்றேன், தப்பு இருந்தா கண்டுக்காதீங்க. பீடியாட்ரிக்ஸ் பிஜி (மேல்படிப்பு டாக்டர்), செகண்ட் இயர். நேத்து ராத்திரி பதினெட்டு நாள் குழந்தை ஒண்ணு வந்துச்சு. 2.6 கிலோ, காய்ச்சல், ரெண்டு நாளா பால் குடிக்கல, வந்த ஒரு மணி நேரத்துல ஒரு தடவை கை காலை வெட்டி இழுத்துச்சு. ஃபிட்ஸுக்கு மருந்து போட்டு, ஆன்டிபயாடிக் போட்டுட்டு, கொஞ்சம் நிதானமானதும் எல்பிக்கு உக்காந்தேன்.

மூணு தடவை குத்தினேன். முதல் தடவை ஒண்ணுமே வரல. ரெண்டாவது தடவை ரத்தம். மூணாவது தடவை அதைவிட நல்ல ரத்தம். லேப்ல இருந்து போன் பண்ணி "டாக்டர், இது சிஎஸ்எஃப் பாட்டிலா இல்ல சிபிசி பாட்டிலா"ன்னு கேட்டாங்க (சிஎஸ்எஃப்னா முதுகுத் தண்ணி, சிபிசின்னா ரத்த டெஸ்ட்). காலைல ரவுண்ட்ஸ்ல ஏபி (அசிஸ்டென்ட் புரொஃபசர்) ஒண்ணும் திட்டல, "ரத்தத்துக்குள்ள எத்தனை வெள்ளணுன்னு எப்படிச் சொல்லுவ, மெனிஞ்சைட்டிஸ் (மூளை உறையில வர்ற தொற்று)னு எடுத்துக்கிட்டு 21 நாள் ஆன்டிபயாடிக் போடு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். எனக்கு உறுத்துறது குழந்தையோட ஆத்தா கேட்ட கேள்விதான். முதுகுல ஒட்டின மூணு பஞ்சையும் பாத்துட்டு, "இன்னும் எத்தனை ஓட்டைம்மா போடுவ"ன்னு கேட்டாங்க.

ஒரு வீடியோல அல்ட்ராசவுண்ட் வச்சு குழந்தை முதுகைப் பாத்து, பேனாவால மார்க் பண்ணி, அப்புறம் குத்துறாங்க. எங்க வார்டுல தலை ஸ்கேனுக்கும் எக்கோவுக்கும் ஒரு மெஷின் கிடக்கு. யாராவது நெசமாவே இப்படிச் செய்றீங்களா? உபயோகம் இருக்கா, இல்ல வீடியோவுக்கு மட்டும் நல்லா இருக்குமா?

---

பழைய_ஊசி | செவ்வாய், காலை 10.05

அம்மாடி, மனசு விடாத. மூணு தடவை ரத்தம் வராத பீடியாட்ரீஷியன் இன்னும் பொறக்கல. நான் ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு, என் முதல் வருஷத்துல நாலு எல்பி வரிசையா சொதப்பி, எங்க சீஃப் என்னை "பிளட் பேங்க்"னே கூப்பிடுவார்.

ஆனா ஒண்ணு சொல்றேன் கோவிச்சுக்காத. 1891ல ஜெர்மனில குவின்கே ஊசி விட்ட நாள்ல இருந்து விரல்தான் மெஷின். ரெண்டு பக்கமும் இடுப்பெலும்பு உச்சியைத் தொடு, ஒரு கோடு போடு, அந்தக் கோட்டுலயோ அதுக்கு ஒரு இடம் கீழயோ குத்து. குழந்தையைப் புடிக்கிறவங்க சரியாப் புடிச்சா பாதி வேலை முடிஞ்சது. இதுக்கு ஒரு மெஷின், அதுக்கு ஒரு ஜெல், அதைத் தள்ளிட்டு வர ஒரு ஆள்னு ஆரம்பிச்சா விரல்ல இருக்குற அறிவு போயிடும். அதைவிட முக்கியம், மெஷினைத் தேடுற நேரத்துல ஆன்டிபயாடிக் தள்ளிப்போகக் கூடாது. நீ முதல்லயே போட்டுட்ட, அது நல்ல காரியம்.

---

கறுப்புவெள்ளை | செவ்வாய், மதியம் 1.40

நான் ரேடியாலஜி, குழந்தைகள் ஸ்கேன்தான் தினமும். சார் சொல்ற விரல் அறிவை நான் குறைச்சு சொல்ல மாட்டேன், ஆனா விரலுக்கு உள்ள இருக்குறது தெரியாதே சார்.

பெரியவங்க முதுகுல ப்ரோபை (ஸ்கேன் மெஷின்ல கையில புடிச்சு உடம்புல வைக்கிற பகுதி) வச்சா எலும்பு நிழல்தான் தெரியும். பச்சக்குழந்தைக்கு முதுகெலும்போட பின்பக்கம் இன்னும் முழுசா எலும்பாகாம குருத்தெலும்பாத்தான் இருக்கும், அதனால சவுண்ட் உள்ள போயிடுது. மூணு மாசம் வரைக்கும் ஜன்னல் நல்லா திறந்திருக்கும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மூடிக்கும், ஆறு மாசத்துக்கு மேல கஷ்டம்தான். உங்க பதினெட்டு நாள் குழந்தைக்கு இதைவிட நல்ல வயசு கிடையாது.

லீனியர் ப்ரோப் வேணும், 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல இருந்தா சந்தோஷம். நட்ட நடுவுல நீளவாக்குல வைங்க. தண்டுவடம் சாம்பல் கலர்ல ஒரு குழாய் மாதிரி ஓடும், அதுக்கு நடுவுல வெள்ளையா ஒரு கோடு. அது கீழ வரவர கேரட் நுனி மாதிரி கூம்பிப்போய் முடியும், அதுதான் கோனஸ். பெரியவங்களுக்கு எல்1-எல்2 (இடுப்புப் பக்க முதுகெலும்புகளுக்கு மேல இருந்து கீழ எல்1ல இருந்து எல்5 வரைக்கும் நம்பர்) கிட்ட முடியும், பச்சக்குழந்தைக்கு எல்2-எல்3 வரைக்கும் கூட இறங்கி இருக்கலாம். அதுக்குக் கீழ கறுப்பா இருக்குறது தண்ணி. அந்தக் கறுப்புக்குள்ள நூல் நூலா நரம்பு மெதக்கும், குழந்தை அழும்போது அது ஆடுறதைப் பாத்தீங்கன்னா அன்னிக்கு முழுக்க அதையே பேசிட்டு இருப்பீங்க.

உங்களுக்கு வேண்டியது மூணே விஷயம். கூம்பு எங்க முடியுது, எந்த இடைவெளில கறுப்பு அதிகமா இருக்கு, தோல்ல இருந்து அந்தக் கறுப்பு எவ்வளவு ஆழம்.

---

கேள்விநாயகம் | செவ்வாய், மதியம் 2.15

நான் வெறும் சிஆர்ஆர்ஐ (ஹவுஸ் சர்ஜன்), முட்டாள்தனமா கேக்குறேன். ஆழம் தெரிஞ்சு என்ன பண்ணப் போறோம், தண்ணி வர்ற வரைக்கும் போக வேண்டியதுதானே?

---

கறுப்புவெள்ளை | செவ்வாய், மதியம் 2.30

தம்பி, அதுலதான் ரத்தமே வருது. பெரியவங்களுக்கு டூரா (தண்டுவடத்தைச் சுத்தி இருக்குற உறை) தாண்டும்போது கையில ஒரு "பொட்" தெரியும். பச்சக்குழந்தைக்குப் பல தடவை அது தெரியவே தெரியாது, வெண்ணெய்ல ஊசி போற மாதிரிப் போகும். தண்ணி இருக்குற இடத்தைத் தாண்டி முன்பக்கம் போனா, முதுகெலும்புக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு இருக்குற ரத்தக்குழாய் வலையில போய்க் குத்தும். அப்புறம் எடுக்குறதெல்லாம் சிவப்பு. ரெண்டரை மூணு கிலோ குழந்தைக்குத் தோல்ல இருந்து தண்ணிக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான். ஒன்றரை இன்ச் ஊசியில பாதிக்கு மேல வெளியவே நிக்கணும். இது தெரியாம முழு ஊசியையும் உள்ள விட்டவங்களை நான் பாத்திருக்கேன்.

---

நெல்லை_சிஸ்டர் | செவ்வாய், மாலை 6.50

டாக்டர்மாரு எல்லாரும் ஊசியப் பத்தியே பேசுதீய, புள்ளைய புடிக்கவள பத்தி ஒரு ஆளுதான் சொல்லிருக்காரு, அந்த சாருக்கு நன்றி. நான் என்ஐசியுல (பச்சப்புள்ள ஐசியு) பதினோரு வருசம். எல்பில தண்ணி கெடைக்கவே இல்லையா, முதல்ல புடிச்ச கையப் பாருங்க. முதுகு முறுக்கிக்கிட்டு இருந்தா நீங்க எந்த மெஷின் வச்சாலும் நடுக்கோடு நடுக்கோட்டுல இருக்காது. இன்னொன்னு, கழுத்த மடக்கி மடக்கி புடிக்கச் சொல்லாதீய, புள்ள மூச்சு அடைச்சிக்கிடும், மானிட்டர் 80க்கு இறங்கும்போதுதான் எல்லாரும் முழிப்பீய. இடுப்ப மடக்குனா போதும், கழுத்து சும்மா இருக்கட்டும்.

நான் உக்கார வச்சுத்தான் புடிப்பேன். ஒரு கையால ரெண்டு முட்டியையும் ரெண்டு முழங்கையையும் சேத்து, இன்னொரு கை தலைக்கு. பால் புட்டி நிப்பிள்ல சக்கரைத் தண்ணிய தொட்டு வாயில வச்சிருவேன்.

---

லீட்ஸ்குளிர் | செவ்வாய், இரவு 11.30

சிஸ்டர் சொல்றதுக்கு நம்பரே இருக்கு. நான் இங்க இங்கிலாந்துல நியோநேட்டல் ரெஜிஸ்ட்ரார் (பச்சக்குழந்தை வார்டு டாக்டர்). இங்க நியோகிளியர்னு ஒரு பெரிய ட்ரையல் நடந்துச்சு, 21 ஆஸ்பத்திரி, 1082 குழந்தை, 2023ல லான்செட்டோட குழந்தைகள் பத்திரிகைல வந்துச்சு. உக்கார வச்சா நல்லதா படுக்க வச்சா நல்லதா, ஸ்டைலெட்டை (ஊசிக்குள்ள இருக்குற மெல்லிசுக் கம்பி) தோலைத் தாண்டினதும் உருவிடலாமா இல்ல கடைசில உருவலாமா, இந்த ரெண்டு கேள்விதான். உக்கார வச்சதுல முதல் எல்பிலயே உருப்படியா தண்ணி கிடைச்சது 63.7 சதவீதம், படுக்க வச்சதுல 57.6. ஸ்டைலெட் விஷயத்துல பெரிய வித்தியாசம் இல்ல. உக்கார வச்சதுல ஆக்சிஜன் இறங்குறதும் கம்மி. கவனிங்க, நல்லா பண்ண இடத்துலயே பத்துல நாலு குழந்தைக்கு முதல் எல்பி சரியா வரல. பிஜி, நீங்க ஒண்ணும் தனி ஆள் இல்ல.

இப்போ ஸ்கேன். எல்லாரும் கைகாட்டுறது ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் ஆஸ்பத்திரி எமர்ஜென்சில பண்ணி 2017ல வெளியான ட்ரையல். ஆறு மாசத்துக்கு உட்பட்ட 128 குழந்தை, பாதிப் பேருக்கு முதல்ல ஸ்கேன் வச்சு தோல்ல குறி போட்டு அப்புறம் எல்பி, மீதிப் பேருக்கு வழக்கம் போல விரல். முதல் குத்துலயே சுத்தமா கிடைச்சது ஸ்கேன் பக்கம் 58 சதவீதம், விரல் பக்கம் 31. மூணு குத்துக்குள்ளன்னு பாத்தா 75க்கு 44. அதாவது நாலு குழந்தைக்கு ஸ்கேன் பண்ணா ஒரு குழந்தைக்குத் தேவையில்லாத குத்து மிச்சம்.

ஆனா இதை வச்சு சாரோட சண்டைக்குப் போகாதீங்க. அங்க ஸ்கேன் பண்ணவங்க கை பழகின சில பேர்தான். அப்புறம் வேற இடத்துல பண்ண ட்ரையல்கள் எல்லாம் இதே மாதிரி வரல, சிலதுல வித்தியாசமே இல்லன்னு வந்துச்சு. ப்ரோபைக் கையில கொடுத்துட்டா மட்டும் தண்ணி வந்துடாது.

---

பழைய_ஊசி | புதன், காலை 6.10

லீட்ஸ் தம்பி, நேர்மையா எழுதினதுக்கு சந்தோஷம். 31 சதவீதம்ங்கிறது எனக்கு நம்பக் கஷ்டமா இருக்கு, எங்க யூனிட்ல அதைவிட நல்லா வரும்னு சொல்ல வாய் வருது. ஆனா நாங்க எந்தக் காலத்துல எண்ணினோம்? "சிஎஸ்எஃப் சென்ட்"னு கேஸ் ஷீட்ல எழுதுவோம், எத்தனை குத்துன்னு யாரு எழுதினா.

---

நைட்டியூட்டி_பிஜி | புதன், காலை 7.00

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சார், நான் நேத்து எங்க ரிஜிஸ்டர் எடுத்துப் பாத்தேன், எத்தனை குத்துன்னு எழுதுற கட்டமே இல்ல.

கறுப்புவெள்ளை அக்கா, செய்முறை சொல்லுங்க. மார்க் எப்படிப் பண்றது? நேத்து டியூட்டி இல்லாதப்ப ஒரு மஞ்சக்காமாலை குழந்தைக்கு, அம்மாகிட்ட கேட்டுட்டு, சும்மா முதுகுல வச்சுப் பாத்தேன். கேரட் நுனி நெசமாவே தெரிஞ்சுது!! ஆனா பேனாவால குறி போடப் போனா ஜெல் மேல எழுதவே இல்ல, துடைச்சா இடம் மறந்து போச்சு.

---

கறுப்புவெள்ளை | புதன், மதியம் 1.15

ஹாஹா, எல்லாருக்கும் முதல் நாள் இதே கதைதான்.

பேனாவை விடுங்க. முதல்ல குழந்தையை எந்தப் போஸ்ல குத்தப் போறீங்களோ அதே போஸ்ல புடிக்கச் சொல்லுங்க. படுக்க வச்சு மார்க் பண்ணி உக்கார வச்சுக் குத்தினா தோல் நகந்துடும், குறி ஒரு இடத்துல முள்ளு ஒரு இடத்துல நிக்கும். நீளவாக்குல வச்சு கீழ சேக்ரம் (முதுகெலும்போட அடி எலும்பு) வளையுற இடத்துல இருந்து மேல எண்ணிட்டு வாங்க, எல்5, எல்4, எல்3. கூம்பு எங்க முடியுதுன்னு பாத்துட்டு அதுக்கு நல்லா கீழ, கறுப்பு அதிகமா இருக்குற இடைவெளியை ஸ்க்ரீனோட நட்ட நடுவுல கொண்டு வாங்க. இப்போ ப்ரோபோட ரெண்டு பக்கமும் நடுப்பகுதிக்கு நேரா தோல்ல குறி. அப்புறம் ப்ரோபைக் குறுக்குவாக்குல திருப்பி, நடுக்கோட்டை ஸ்க்ரீன் நடுவுல வச்சு, மேலயும் கீழயும் குறி. நாலு குறியையும் சேத்தா கூட்டல் அடையாளம் வெட்டிக்கிற இடம்தான் உங்க இடம்.

குறி போடறதுக்கு ஊசியோட பிளாஸ்டிக் மூடியைத் தோல்ல லேசா அழுத்திப் புடிங்க, வட்டமா ஒரு தடம் விழும். ஜெல் இருந்தாலும் விழும், பெட்டாடின் போட்டாலும் கொஞ்ச நேரம் அழியாது. அஞ்சு பத்து நிமிஷம் தாங்கும், அதுக்குள்ள குத்திடணும். ஜெல்லை சுத்தமாத் துடைச்சிட்டு, அப்புறம் வழக்கம் போல கிளீன் பண்ணி, காயவிட்டு, டிரேப் போட்டுக் குத்துங்க. ஜெல் ஊசி கூட உள்ள போகக் கூடாது.

பாத்துக்கிட்டே குத்துறதும் இருக்கு, ஆனா அதுக்கு ஸ்டெரைல் கவர், இன்னொரு கை, ரொம்பப் பழக்கம் எல்லாம் வேணும். குழந்தை முதுகு உங்க உள்ளங்கை அளவு, அதுல ப்ரோபும் ஊசியும் சேந்து நிக்க இடமே இருக்காது. குறி போட்டுக் குத்துறதோட ஆரம்பிங்க.

---

ரெண்டுகுழந்தை_அம்மா | புதன், இரவு 9.45

நான் டாக்டர் இல்ல, தேடும்போது இந்தப் பக்கம் வந்தேன். என் பெரியவனுக்கு இருபத்தியேழு நாள்ல காய்ச்சல் வந்து ஒரு ஆஸ்பத்திரில சேத்தோம். "முதுகுல தண்ணி எடுக்கணும், கையெழுத்து போடுங்க"ன்னு ஒரு பேப்பரை நீட்டினாங்க. எங்க மாமியார், முதுகுல ஊசி போட்டா கால் விளங்காமப் போயிடும்னு ஒரே அழுகை. எங்க வீட்டுக்காரர் கையெழுத்து போடல. அவங்களும் அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல, மருந்து மட்டும் போட்டாங்க, மூணு வாரம். இப்போ அவனுக்கு நாலு வயசு, நல்லா இருக்கான். ஆனா அவனுக்கு அது இருந்துச்சா இல்லையான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவை கூப்பிட்டும் திரும்பாம விளையாடிட்டு இருந்தா காது கேக்குதான்னு பயமா இருக்கும்.

மேல ஒரு டாக்டர் எழுதியிருக்காங்களே, நரம்பு எங்க முடியுதுன்னு படத்துல தெரியும்னு. அன்னிக்கு யாராவது அதைக் காட்டி, "இங்க முடியுது, நாங்க இதுக்குக் கீழதான் குத்துறோம்"னு சொல்லியிருந்தா நாங்க போட்டிருப்போம்.

---

லீட்ஸ்குளிர் | புதன், இரவு 11.50

அக்கா, உங்க பயம் நியாயமான பயம். மெனிஞ்சைட்டிஸ் வந்த குழந்தைங்க எல்லாருக்கும் காது டெஸ்ட் பண்ணிடறது வழக்கம். இப்பவும் தாமதம் இல்ல, ஒரு தடவை பண்ணிடுங்க, மனசு லேசாயிடும்.

கால் விளங்காமப் போறதைப் பத்தி: தண்டுவடம் முடிஞ்ச இடத்துக்குக் கீழ இருக்குறது தண்ணில மெதக்குற நரம்பு நூல்கள், ஊசி வந்தா விலகிக்கும். அதனாலதான் அந்த இடத்துல குத்துறதே. ஒரு விதிவிலக்கு, முதுகுல அடில பள்ளமோ முடிக்கத்தையோ கட்டியோ இருந்தா தண்டுவடம் கீழ வரைக்கும் இழுத்துக் கட்டினாப்ல இருக்கலாம், அங்க கண்ணை மூடிட்டுக் குத்தக் கூடாது, ஸ்கேன் பாத்தே ஆகணும். இதுல மட்டும் எங்க ஊர்ல யாரும் வாதாட மாட்டாங்க.

---

மெஷின்பூட்டு | வியாழன், காலை 8.30

எல்லாம் சரி, நீங்க யாரும் பேசாத விஷயம் ஒண்ணு இருக்கு. பிசிபிஎன்டிடி (வயித்துல இருக்குற குழந்தை ஆணா பொண்ணான்னு பாக்குறதைத் தடுக்குற சட்டம்). நான் மாவட்ட ஆஸ்பத்திரி எஸ்என்சியுல (உடம்பு சரியில்லாத பச்சக்குழந்தைங்க வார்டு) வேலை பாக்குறேன். எங்களுக்கு ஒரு நல்ல போர்ட்டபிள் மெஷின் கேட்டு எழுதினோம், வந்த கேள்வி: யார் பேர்ல பதிவு, எந்த ரூம்ல இருக்கும், யார் யூஸ் பண்ணுவாங்க. 1994 சட்டம் வந்த காரணம் எல்லாருக்கும் தெரியும், வயித்துல இருக்குற பொம்பளப் புள்ளையக் காப்பாத்த. நல்ல சட்டம், எனக்கு அதுல மறுப்பு இல்ல. ஆனா மெஷின் மெஷின்தான், பொறந்த குழந்தை முதுகைப் பாக்குறதுக்குன்னு சொன்னாலும் பதிவு பண்ணாம ஒரு இஞ்ச் நகர முடியாது. 2012ல வந்த விதிப்படி போர்ட்டபிள் மெஷின் பதிவு பண்ண ஆஸ்பத்திரிக்குள்ள, அங்க அட்மிட் ஆன நோயாளிக்குத்தான். எங்க மெஷின் ராத்திரில ரேடியாலஜி ரூம்ல பூட்டி இருக்கு, சாவி ஒருத்தர்கிட்ட, அவர் வீட்டுல. ராத்திரி ரெண்டு மணிக்கு எல்பி பண்ற பிஜிக்கு அது நிலாவுல இருக்குற மாதிரிதான்.

---

கறுப்புவெள்ளை | வியாழன், மதியம் 1.50

உண்மைதான், அதுல நான் ஒண்ணும் மழுப்ப மாட்டேன். ஆனா பிஜி, உங்க வார்டு மெஷின் தலை ஸ்கேனுக்கு ஏற்கனவே பதிவுல இருக்கும், ஃபார்ம் பி (பதிவுச் சான்றிதழ்) சுவத்துல மாட்டியிருக்கான்னு பாருங்க. யார் யாரு பேரு அதுல இருக்குன்னும் பாருங்க. உங்க பேரு இல்லன்னா உங்க சீஃப் மூலமா எழுதிக் கேளுங்க, இல்ல பேரு இருக்குறவங்களைக் கூட நிக்க வைங்க. ஆர்வத்துல மாட்டிக்காதீங்க.

---

நைட்டியூட்டி_பிஜி | வியாழன், மாலை 5.20

பாத்தேன், என் பேரு இல்ல. மஞ்சக்காமாலை குழந்தைக்கு வச்சதை நினைச்சு வயித்தைக் கலக்குது, இனிமே ரேடியாலஜி பிஜி கூட வந்தாத்தான். சொல்லிட்டாங்க, வர்றேன்னு.

அந்தக் குழந்தைக்கு ரத்தக் கல்ச்சர்ல கிளெப்சியெல்லான்னு ஒரு கிருமி வந்திருக்கு. திரும்ப எல்பி பண்ணிப் பாக்கணும்னு சீஃப் சொல்றார். எனக்குக் கை நடுங்குது. திரும்ப ரத்தம் வந்தா?

---

கறுப்புவெள்ளை | வியாழன், இரவு 8.05

குத்துறதுக்கு முன்னாடி பாருங்க, இந்தக் குழந்தைக்குக் கண்டிப்பா. மூணு குத்து ரத்தம் வந்த முதுகுல டூராவுக்கு வெளியில ரத்தம் தேங்கி, தண்ணிப் பையை நசுக்கி வச்சிருக்கலாம். விரலுக்கு அது தெரியவே தெரியாது. அந்த இடத்துல நீங்க எத்தனை தடவை குத்தினாலும் பழைய ரத்தம்தான் வரும். குழந்தைகளுக்கு எல்பி தவறினா ஸ்கேன்ல என்ன தெரியும்னு 2001லயே ரேடியாலஜிக்காரங்க எழுதிட்டாங்க, நாங்கதான் யார்கிட்டயும் சொல்லல. என்னைக் கேட்டா ஸ்கேனோட பெரிய உபயோகம் இதுதான். எங்க குத்துறதுங்கிறது ரெண்டாவது. இன்னைக்குக் குத்தலாமா வேண்டாமான்னு சொல்லும் பாருங்க, அதுக்கு வேற வழியே இல்ல.

---

பழைய_ஊசி | வெள்ளி, காலை 5.55

இதை எனக்கு யாரும் சொன்னதில்ல. நாங்க "நாளைக்கு வேற இடைவெளில பாப்போம்"னு ஒரு கணக்குல விடுவோம், அதுக்குக் காரணம் இருக்குன்னு இப்பத்தான் தெரியுது. ஒரு இடைவெளி மேல போவோம், சில சமயம் ரெண்டு. மேல போறது ஆபத்துன்னு தெரிஞ்சே போயிருக்கோம்.

---

நைட்டியூட்டி_பிஜி | திங்கள், இரவு 10.40

அப்டேட். கொஞ்சம் நீளம்.

வெள்ளிக்கிழமை ரேடியாலஜி பிஜியும் நானும் போய் வச்சுப் பாத்தோம். எல்4-எல்5ல கறுப்பே இல்ல. தோலுக்கும் தண்ணிப் பைக்கும் நடுவுல வெள்ளையும் சாம்பலுமா ஏதோ கசகசன்னு, நரம்பு நூலெல்லாம் ஒரு ஓரமா ஒண்டிக்கிட்டு ஆடாம இருந்துச்சு. எல்3-எல்4லயும் மெல்லிசா ஒரு கீத்துதான். கோனஸ் எல்2 கீழ் விளிம்புல. சீஃப்கிட்ட போன்ல படத்தைக் காட்டினோம், "இன்னைக்கு விடு"ன்னுட்டார். ஆத்தாகிட்ட ஸ்க்ரீனைக் காட்டி இன்னைக்குக் குத்தலன்னு சொன்னதும், "அப்ப அந்தக் கறுப்பு வரட்டும், வந்தா கூப்பிடு"ன்னு சொல்லிட்டு வெளிய போய் உக்காந்துக்கிட்டாங்க. என்னைவிட நல்லா புரிஞ்சிருக்கு.

இன்னைக்குக் காலைல திரும்ப. எல்3-எல்4ல நல்ல கறுப்பு, நூலெல்லாம் திரும்ப ஆட ஆரம்பிச்சிருக்கு. ஆழம் 1.1 சென்டிமீட்டர். எங்க சிஸ்டர் உக்கார வச்சுப் புடிச்சாங்க, கழுத்தை மடக்கல (நெல்லை சிஸ்டர், உங்க பேரைச் சொன்னேன்). ஊசி மூடியால வட்டம். ஸ்டைலெட் உள்ள ஊசி, 22 கேஜ். போன தடவை ஸ்டோர்ல இல்லன்னு சாதா ஊசில குத்தினதையும் ஒத்துக்குறேன், ஸ்டைலெட் இல்லாம குத்தினா தோலோட துணுக்கு உள்ள போய் வருஷக்கணக்குல கழிச்சு கட்டியா வளரலாம்னு படிச்சப்பறம் அந்தப் பாவத்தைத் திரும்பப் பண்றதில்லன்னு இருக்கேன்.

ஒரு சென்டிமீட்டர்ல நிறுத்தி ஸ்டைலெட்டை எடுத்தேன். ஒண்ணும் இல்ல. நெஞ்சு நின்னுடுச்சு. ஸ்டைலெட்டை போட்டு நெல்லு அளவு இன்னும் உள்ள போய் திரும்ப எடுத்தேன். ஊசியோட பின்பக்கக் குழில ஏதோ நெறைஞ்சு, ஒரு சொட்டு தொங்கி, விழுந்துச்சு. கொஞ்சம் மஞ்சளா, லேசாக் கலங்கி. சிவப்பு இல்ல. முதல் குத்து.

ரிப்போர்ட்: செல் 210, பெரும்பாலும் நியூட்ரோஃபில் (ஒரு வகை வெள்ளணு). சுகர் கம்மி. ஆர்பிசி (சிவப்பணு) முப்பதோ நாப்பதோ. கல்ச்சர் வர நாளாகும், ஆன்டிபயாடிக் ஆறு நாள் போயிருக்குறதால வளராமலும் போகலாம்.

---

கேள்விநாயகம் | திங்கள், இரவு 11.00

வாழ்த்துகள் அக்கா. ஆனா ஒரு டவுட். எப்படியும் 21 நாள்னு முதல் நாளே முடிவு பண்ணியாச்சு. இப்பவும் அதே 21 நாள். அப்போ ஸ்கேன் பண்ணதால என்ன மாறுச்சு?

---

நைட்டியூட்டி_பிஜி | திங்கள், இரவு 11.25

அதை நானும் யோசிச்சேன்டா. நாள் மாறல. முதல்ல "இருந்தாலும் இருக்கலாம்"னு போட்டோம், இப்ப "இருக்கு"ன்னு போடறோம். எம்ஆர்ஐ எடுக்கணும், காது டெஸ்ட் எழுதிக் கொடுக்கணும், தலை சுத்தளவு வாராவாரம் அளக்கணும்னு அம்மாகிட்ட உறுதியா சொல்ல முடியுது. மேல அந்த ரெண்டு குழந்தை அக்கா எழுதினாங்களே, நாலு வருஷமா தெரியாம இருக்கோம்னு. இந்த வீட்டுக்கு அந்தக் கேள்வி இருக்காது. அப்புறம் வெள்ளிக்கிழமை ஸ்கேன் இல்லன்னா நான் கண்டிப்பா குத்தியிருப்பேன், அதே நசுங்கின இடத்துல.

---

லீட்ஸ்குளிர் | செவ்வாய், அதிகாலை 3.15

இதே குழந்தைக்கு ரிசல்ட் நார்மலா வந்திருந்தா ஆறு நாள் மருந்துக்கு அப்புறம் அதை எப்படி எடுத்துக்கிறதுன்னு இன்னொரு சண்டை வந்திருக்கும். அதனாலதான் முதல் நாள் முதல் எல்பி சுத்தமா வரணும்னு இவ்வளவு பாடு. அடுத்த குழந்தைக்கு முதல் குத்துக்கு முன்னாடியே வச்சுப் பாருங்க.

---

பழைய_ஊசி | செவ்வாய், காலை 6.00

அம்மாடி, நல்ல காரியம் பண்ண. எத்தனை குத்துன்னு ரிஜிஸ்டர்ல ஒரு கட்டம் போட்டுடு, முதல்ல அதைப் பண்ணு.

இன்னொரு சந்தேகம். அந்த ஜெல் ஐஸ் மாதிரி இருக்குமே, முதுகுல வச்சதும் புள்ள துள்ளாதா? வார்மருக்கு (குழந்தைக்குச் சூடு கொடுக்குற மெஷின்) கீழ பாட்டிலை வச்சு சூடு பண்ணிக்கலாமா?

---

நெல்லை_சிஸ்டர் | செவ்வாய், காலை 7.30

சார், பெரிய மனுசரு நீங்க, ஆனா என் வார்மருக்குக் கீழ ஜெல் பாட்டில் வச்சீயன்னா புடுங்கி எறிஞ்சிருவேன். பத்து புள்ளைக்கு ஒரே பாட்டில், அதச் சூடு வேற பண்ணா கிருமிக்கு பிரியாணி போட்ட மாதிரி. எல்பிக்குன்னா சின்ன ஸ்டெரைல் பாக்கெட் ஜெல்லுதான், ஒரு புள்ளைக்கு ஒண்ணு. பிரிக்கதுக்கு முன்னாடி ரெண்டு நிமிசம் உங்க உள்ளங்கையில மூடி வச்சுக்கிடுங்க, போதும்.